கூடத்துக் கதவு



ஊர் வீட்டு மராமத்து எந்த அளவில் இருக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடத்துக் கதவு முடிந்துவிட்டது. சட்டம் பாலிஷ், நடுப்பலகை பச்சை பெயின்ட். "ஏன் டீச்சர் இப்படிப் பாதிப் பாதி?" என்று கேட்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதவு முழுவதும் அப்பா பச்சை எனாமல் அடித்து வைத்திருந்தார். பெயின்ட் பெயர்ந்த ஓரத்தில் தேக்கு தெரியும். வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் அவரிடமே கேட்டேன்: "தேக்குக்குப் போய் யாராவது பச்சை அடிப்பாங்களாப்பா? ரசனையே இல்லையே." அவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இந்தத் தை மாதம் தம்பியும் நானும் அந்தப் பச்சையை எடுத்துவிட முடிவு செய்தோம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் தூசி பறக்க உப்புத்தாள் போடவில்லை. ரிமூவர் தடவி, ஊறியபின் சுரண்டினோம். மிச்சத்தை ஈரமாகத் தேய்த்தோம். பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

பச்சை போனதும் ஆசாரி கூப்பிட்டார். "டீச்சர், சட்டம் மட்டும்தான் தேக்கு. பலகை நாலும் மாம்பலகை. பாருங்க, எத்தனை இடத்துல பட்டி அடைச்சிருக்கு!"

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை அங்கிருந்தே சொன்னார்: "உன்னை ட்ரெயினிங்ல சேர்த்த வருசம்டி அது. தேக்குப் பலகைக்கு வச்சிருந்த பணத்தைத்தான் உனக்குக் கட்டுனான். ஒட்டு வேலைன்னு தெரியக் கூடாதுன்னு பச்சையை அடிச்சான்."

1979. டிரங்குப் பெட்டியோடு அந்தக் கதவைத் தாண்டித்தான் விடுதிக்குப் போனேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேச முடியவில்லை.

தம்பி, "புதுசா தேக்குப் பலகை போட்டுடலாம்க்கா" என்றான். நான் வேண்டாம் என்றேன். முழுக் கதவுக்கும் சாயம் ஏற்றலாம் என்றால், அந்த மாம்பலகை திட்டுத் திட்டாகத்தான் இழுக்கும். பட்டி அடைத்த இடம் சாயத்தையே ஏற்காது, தேமல் மாதிரி நிற்கும். ஆகவே தேக்குக்குச் சாயமும் வார்னிஷும், மாவுக்கு அப்பாவின் பச்சையே. பெயர்ந்த துண்டு ஒன்றைப் பாலிதீன் உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், அதே நிறம் கலந்து வாங்கினேன்.

இதில் ஒரு தவறு செய்தேன். அவசரப்பட்டு முதலில் பலகைக்குப் பெயின்ட் அடித்துவிட்டேன். பிறகு சட்டத்துக்குப் பூசிய சாயம் வழிந்து பச்சையில் டிகாக்‌ஷன் கறைபோல் இறங்கியது. இரண்டு பலகையைத் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் செய்தால் வரிசை இதுதான்: மர ரேகை போகும் திசையிலேயே உப்புத்தாள் போடுங்கள். சாயத்தைத் துணியில் தொட்டுப் பூசி, சில நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மறுநாள் வார்னிஷ். அது நன்றாகக் காய்ந்தபின் ஓரத்தில் டேப் ஒட்டி, பலகைக்குப் பிரைமர், பட்டி, கடைசியில் எனாமல் இரண்டு கோட்டிங். வார்னிஷ் மேல் பெயின்ட் சொட்டினாலும் உடனே துடைத்தால் போய்விடும். பச்சை மரத்தில் சொட்டினால் ரேகைக்குள் இறங்கிவிடும்.

இன்னொன்று. எண்ணெய்ச் சாயம் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

நாற்பது வருடம் பிள்ளைகளிடம், கேள்வி கேட்கத் தயங்காதே என்று சொன்னவள் நான். அப்பாவிடம் நான் கேட்டது கேள்வியே இல்லை, குத்தல். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் படிப்பே எனக்குப் பாரமாகியிருக்கும். அதைத்தான் அவர் சொல்லாமல் வயலுக்குப் போயிருக்கிறார்.

ஊர்ப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். கதவில் ஏன் பச்சை என்று யார் கேட்டாலும், உட்காரவைத்துக் காபி கொடுத்து, முழுசாகச் சொல்வேன்.