கழற்றுவதும் பூட்டுவதும்

கார்களைப் பழுதுபார்ப்பதற்கான கையேடுகளில் ஒரு விசித்திரமான சிக்கனம் உண்டு. ஒரு பாகத்தைக் கழற்றுவதற்கு இரண்டு பக்கம் எழுதுவார்கள். எந்த போல்ட்டை முதலில் தளர்த்துவது, எந்தக் குழாயை அடைப்பது, எந்த எடையை எங்கே தாங்கிக்கொள்வது என்று படம் போட்டு விளக்குவார்கள். திரும்பப் பூட்டும் இடம் வந்ததும், இதுவரை செய்ததைத் தலைகீழ் வரிசையில் செய்துகொள்ளவும் என்ற பொருளில் ஒரே வரியோடு முடித்துவிடுவார்கள். பழைய கார்களோடு பழகியவர்களிடையே அந்த வரி ஒரு நிரந்தரக் கேலிப் பொருள். சென்ற கோடையில், பர்மிங்ஹாமில், 1989ஆம் ஆண்டு மினி காரொன்றின் பின்பக்க சப்ஃபிரேமைக் கழற்றி வேறொன்றைப் பூட்டும் வேலையில் ஈடுபட்ட பிறகு, அந்த வரியைக் கேலி செய்யக்கூட எனக்கு மனம் வரவில்லை. அது உண்மையில்லை என்று மட்டும் தோன்றியது.

சப்ஃபிரேம் என்பதைத் துணைச் சட்டகம் என்று சொல்லலாம். காரின் உடலுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் எஃகுக் கட்டமைப்பு அது. மினியில் எஞ்சினும் இழுவிசையும் முன்பக்கம். ஆகவே பின்பக்கச் சட்டகத்துக்கு ஓட்டும் வேலை எதுவும் கிடையாது. தாங்குவது ஒன்றே அதன் வேலை. பின்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், சாலையின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் இரண்டு ரப்பர்க் கூம்புகள், பிரேக் குழாய்கள், கை பிரேக்கின் கம்பி, புகைக்குழாயின் தொங்கல் எல்லாம் அதன்மீதுதான். காரில் பயணம் செய்பவர் ஒருநாளும் அதைப் பார்க்கப்போவதில்லை. காருக்கு அடியில் படுப்பவருக்கு மட்டுமே அது காட்சி தரும்.

இந்தச் சட்டகம் மினியின் முதல் கற்பனையில் இருக்கவில்லை என்பது அந்தக் காரின் வரலாற்றில் எனக்குப் பிடித்த செய்தி. 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தது. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பெட்ரோலைக் குறைவாகக் குடிக்கும் சிறிய கார் ஒன்று வேண்டும் என்ற கட்டாயம் எழுந்தபோது, ஸ்மிர்னா நகரில் 1906இல் பிறந்து இளவயதில் இங்கிலாந்து வந்து சேர்ந்த அலெக் இஸிகோனிஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார். பத்தடி நீளம், பத்து அங்குலச் சக்கரம், குறுக்காகக் கிடத்திய எஞ்சின், அதன் அடியிலேயே கியர்பெட்டி. அந்தப் பத்தடிக்குள் நான்கு பெரியவர்கள் உட்கார வேண்டும். அவர் முதலில் சஸ்பென்ஷனை நேராக உடலிலேயே பொருத்திப் பார்த்தார். சோதனை வண்டிகளின் தகடுகள் அந்தப் பளுவைத் தாளவில்லை. அதன் பிறகே முன்னும் பின்னும் தனிச் சட்டகங்கள் வந்தன. 1959 ஆகஸ்ட் 26 அன்று கார் வெளியானபோது அதன் சிறுமையையும் சாமர்த்தியத்தையும் உலகம் வியந்தது. அடியில் இருந்த சட்டகத்தைப் பற்றிப் பேச யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

பேசவைத்தது உப்பு. பிரிட்டனின் குளிர்காலச் சாலைகளில் பனி உறையாமலிருக்கப் பாறை உப்பைத் தூவுவார்கள். செஷயரிலுள்ள வின்ஸ்ஃபோர்ட் சுரங்கத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து உப்பு வெட்டப்படுகிறது. இன்றும் தூவப்படும் உப்பில் கணிசமான பங்கு அங்கிருந்து வருவது. உப்பு கரைந்த நீர் எளிதில் உறைவதில்லை. சாலையில் வழுக்கி உயிர்விடாமல் மனிதர்களைக் காப்பது அதுதான். அதே நீர் மின்னூட்டத்தை எளிதில் கடத்தும். எஃகில் துரு பரவ அதைவிட வசதியான சூழல் கிடையாது. பின்சக்கரங்கள் வாரியிறைக்கும் உப்புச் சேறு சட்டகத்தின் மூலைகளில் அப்பிக்கொள்ளும். உள்ளே கூடாக இருக்கும் பகுதிகளில் நுழைந்தால் கோடை வந்தும் முழுக்கக் காய்வதில்லை. துருவாக மாறும் இரும்பு முன்னைவிடப் பருத்துப்போகும். ஒட்டியிருந்த தகடுகளைத் தானே பிளந்துகொள்ளும். மினி வைத்திருப்பவர்களுக்குப் பின் சப்ஃபிரேம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் மாறுவதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கார் என்னுடையதன்று. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி வசிக்கும் பெரியவருடையது. 1976 முதல் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 2005 ஏப்ரலில் அது நொடித்து, ஏறக்குறைய ஆறாயிரம் பேர் வேலையிழந்தபோது வெளியே வந்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி மினியின் உருவாக்க வரிசையில் கழிந்தது. சஸ்பென்ஷனும் பிரேக்கும் ஏற்கெனவே கோக்கப்பட்ட சட்டகத்தைக் காரின் உடலோடு இணைக்கும் இடத்தில் சில ஆண்டுகள் நின்றிருக்கிறார். இப்போது முடக்குவாதத்தால் அவருடைய விரல்கள் கோணிவிட்டன. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்துகிறார். காரைப் பேத்திக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவளுக்குப் பத்தொன்பது வயது. நாற்பது மைல் தொலைவில் வேலை கிடைத்திருந்தது. இலையுதிர்காலத்தில் சேர வேண்டும்.

பிரிட்டனில் மூன்று வயதைக் கடந்த கார் ஆண்டுக்கொருமுறை எம்.ஓ.டி. சோதனையில் தேற வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 2018 முதல் விலக்கு உண்டு; இந்தக் காருக்கு அந்த வயதாகவில்லை. சஸ்பென்ஷன் பூட்டப்பட்டிருக்கும் புள்ளியிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குள் தகட்டின் வலுவைக் குறைக்கும் அளவு துரு இருந்தால் தேறாது. தேறவில்லை. சட்டகத்தின்மேல் தகட்டை வைத்து வெல்டிங் செய்யலாம், அல்லது முழுச் சட்டகத்தையும் மாற்றலாம் என்றார் சோதித்தவர். முதலாவது ஒரு நாள் வேலை, கூலியும் குறைவு. ஒழுங்காகச் செய்தால் சட்டப்படி அதில் தவறேதும் இல்லை.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தான் ஓட்டுவதாக இருந்தால் ஒட்டுப்போட்டுக்கொள்வேன் என்றார். அந்தச் சொல்லுக்குப் பின் என்னால் மறுக்க முடியவில்லை. அலுவலகத்தில் விடுப்பெடுத்தேன். அவருடைய கொட்டகையில், அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்வதென்று ஏற்பாடு.

கழற்றும் வேலை கடந்தகாலத்தோடு நடத்தும் சண்டை. ஒவ்வொரு போல்ட்டும் முப்பத்தைந்து குளிர்காலங்களைத் தன் மரையில் இறுக்கி வைத்திருந்தது. முதல் இரண்டு நாட்களும் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும், துருவில் ஊடுருவும் எண்ணெயை விட்டுக் காத்திருப்பதுமாகக் கழிந்தன. பிறகு பேட்டரி இணைப்பை எடுத்தோம். பிரேக் குழாயை அடைத்துப் பிரித்தோம். கை பிரேக் கம்பியை விடுவித்தோம். புகைக்குழாயை இறக்கினோம். பின்பக்க ஷாக் அப்சார்பர்களின் மேல்முனை நட்டுகள் டிக்கிக்குள் இருக்கின்றன. அவற்றுள் இடப்பக்கத்து நட்டை பெட்ரோல் டேங்க் மறைத்துக்கொண்டிருக்கும். ஆகவே பெட்ரோலை வடித்து டேங்கை வெளியே எடுத்தோம். காரின் உடலைத் தாங்குகால்களில் நிறுத்திய பின் மிஞ்சியவை எட்டு போல்ட்டுகள். சட்டகம் உடலோடு சேருமிடங்கள் நான்கு, இடத்துக்கு இரண்டு.

ஏழு வந்தன. முன்பக்க இடதுமூலையில் ஒன்று, பாதிச் சுற்றுக்குப் பின் ரப்பர்போல் இளகியது. அனுபவமுள்ள கை உடனே நின்றுவிடும் இடம் அது. ஆனால் நிறுத்தியும் பயனில்லை. துரு ஏற்கெனவே அதன் கழுத்தைத் தின்றிருந்தது. தலை ஸ்பேனரோடு வந்தது. உடல் உள்ளே நின்றது. பின் இருக்கைக்கு முன்னால் தரை செங்குத்தாக மேலேறும் இடத்தில், தகட்டுக்குள் பதிந்த நட்டில் அது சிக்கியிருந்தது. டேங்கும் இருக்கையும் கம்பளமும் ஏற்கெனவே வெளியே இருந்ததால் அந்த இடத்தைச் சூடேற்ற முடிந்தது. சூடேற்றி, ஆறவிட்டு, நடுப்புள்ளி குத்தி, மெல்லிய துளையில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்தி, கடைசியில் மிஞ்சிய சுருளைச் சுரண்டியெடுத்து, மரையை மறுபடி வெட்டிச் சீராக்க ஒன்றரை நாள் ஆயிற்று. சட்டகம் துருப்பிடித்தால் இன்னொன்று வாங்கலாம். இந்த மரை இருப்பது காரின் உடலில். அது போனால் உடலையே வெட்ட வேண்டும். பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்து, காருக்கு அருகே முழங்காலிட்டு, கோணிய விரலால் ஒரு புது போல்ட்டை அந்தத் துளையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அது கடைசிவரை இலகுவாகச் சென்றது. அந்த வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பழைய சட்டகத்தைச் சக்கரங்களோடு அப்படியே இறக்கி, காரின் உடலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, ஒரு சிறு வண்டியைப்போல் பின்னால் உருட்டி வெளியே எடுத்தோம். வெயிலில் பார்த்தபோதுதான் அதன் நிலை தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனி ஓரிடத்தில் தடையில்லாமல் உள்ளே போயிற்று. கறுப்புப் பெயிண்ட் மட்டும் பழைய வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒட்டுப்போட்டிருந்தால் நல்ல தகட்டை எதன்மேல் வைத்திருப்போம் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து பூட்டுதல். தமிழில் இந்தச் சொல் எனக்கு எப்போதும் நிறைவாகத் தோன்றும். மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம். பூட்டியது ஓட வேண்டும், கழன்றுவிடவும் கூடாது என்ற இரண்டு பொறுப்புகளும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. கழற்றும்போது பிடிவாதமாக நின்ற எதையும் வெட்டலாம், அடிக்கலாம், சூடேற்றலாம். அந்தப் பாகம் எப்படியும் குப்பைக்குப் போகிறது. பூட்டும்போது அந்த உரிமை கிடையாது. கழற்றும் கைக்கு எதிரே துரு இருந்தது. பூட்டும் கைக்கு எதிரே, ஈரமான நவம்பர் மாலையில் மணிக்கு எழுபது மைல் வேகத்தில் நெடுஞ்சாலையில் போகப்போகும் ஒரு பெண் இருந்தாள்.

ஆகவே கையேட்டின் தலைகீழ் வரிசை எங்களுக்குப் போதவில்லை. அதில் இல்லாத வேலைகளே அதிகம். புதிய சட்டகத்தின் மூலைவிட்டங்களை அளந்து பழையதோடு ஒப்பிட்டோம். அதன் கூடுகளுக்குள் துருவைத் தடுக்கும் மெழுகைப் பீய்ச்சினோம். ஒருமுறை மாட்டிவிட்டால் அந்த இடங்களுக்குக் கையோ கண்ணோ எட்டாது. சக்கரங்களைத் தாங்கும் கைகளைப் புதுப்பித்தவையாக வாங்கியிருந்தோம். அவற்றின் வெளிமுனையில் ஊசி உருளை பேரிங், உள்முனையில் வெண்கல புஷ். இரண்டுக்கும் கிரீஸ் வேண்டும். கிரீஸ் மறுபக்கம் வழிவதைக் காணும்வரை அடிக்கச் சொன்னார். அடித்த அளவு முக்கியமில்லை, வந்து சேர்ந்ததா என்பதே கணக்கு என்றார். புதிய ரப்பர், புதிய பிரேக் குழாய், புதிய போல்ட்டுகள். பிறகு சட்டகத்தை உள்ளே உருட்டி, உடலை அதன்மீது மெல்ல இறக்கினோம்.

எட்டு போல்ட்டுகளும் விரலால் சில சுற்றுகள் ஏறாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது அவர் விதி. ஒன்றை முதலில் இறுக்கிவிட்டால் மற்றத் துளைகள் கோணிக்கொள்ளும். பிறகு மரை கெடும். எட்டாவது ஏற ஒரு மணி நேரம் பிடித்தது. சட்டகத்தை மயிரிழையளவு அசைப்பதும் பார்ப்பதுமாக இருந்தோம். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுதியாக இறுக்கும்போது மட்டும் அவர் தன் கையையும் பிடியில் வைத்தார். ரெஞ்ச் சொடுக்கியதும், மஞ்சள் பெயிண்டில் தோய்த்த தூரிகையால் போல்ட்டின் தலையிலிருந்து சட்டகம்வரை ஒரு கோடு இழுத்தார். போல்ட் பின்னால் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். விரல்கள் நடுங்கியதால் கோடுகள் நேராக இல்லை. எட்டையும் அவரேதான் போட்டார். பிரேக்கில் காற்றை நீக்கிச் சரிபார்த்து, சக்கரங்களின் கோணத்தையும் அளந்து முடித்தபோது ஆறாம் நாள் இருட்டிவிட்டது.

சோதனையில் கார் தேறியது. தேர்ச்சித் தாளைப் பேத்தியிடம் கொடுக்கும் முன், நூறு மைல் ஓட்டியதும் இங்கே கொண்டுவர வேண்டும் என்று அவளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். புதிதாகப் பூட்டியது எடையிலும் அதிர்விலும் தன்னிடத்தில் அமரும். அமர்ந்தபின் ஒருமுறை பார்க்காத வேலை முடிந்த வேலையில்லை என்றார். அவளும் இரண்டாவது வார இறுதியில் வந்தாள். நான் அடியில் படுத்து விளக்கைப் பிடித்தேன். அவர் வெளியே நின்று ஒவ்வொரு மூலையாகப் பெயர் சொல்லிக் கேட்டார். முன் இடது என்றபோது குரல் சற்றுத் தாழ்ந்தது. எட்டுக் கோடுகளும் அவர் இழுத்த கோணலிலேயே இருந்தன. அதைச் சொன்னேன். அவர் பேத்தியைப் பார்த்து, இனி நீ கிளம்பலாம் என்றார்.