நிறத்துக்கு ஓர் எதிராளி

சுவாமிமலையிலிருந்து கும்பகோணம் போகும் காலை பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போவார்கள். அவர்களில் பலர் இறங்குவது காவிரிக் கரையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிக்காக. 1854-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குத் ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. உ.வே.சா. 1880 முதல் 1903 வரை தமிழ் சொல்லிக்கொடுத்த இடம். ராமானுஜன் 1904-ல் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றவற்றில் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்த இடமும் அதுதான். கேம்பிரிட்ஜின் பெயரை எடுத்துக்கொண்டோம். அதன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டோம். ஏன் என்று யோசித்தால் சுவாரசியமாக இருக்கிறது.

கேம்பிரிட்ஜின் நிறம் வெளிர்நீலம். எந்த செனட்டும் கூடித் தீர்மானம் போட்டு அதைக் கொண்டுவரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதன்முதலில் படகுப் போட்டியில் மோதியது 1829-ல். அப்போது கேம்பிரிட்ஜுக்கு இந்த நீலம் கிடையாது. 1836-ல் தேம்ஸ் நதியில் இரண்டாவது போட்டி. கிளம்பும் நேரத்தில் படகு வெறுமையாக இருக்கிறதே என்று யாரோ கடைக்கு ஓடி, வெளிர்நீலப் பட்டு நாடாத் துண்டு ஒன்றை வாங்கிவந்து முகப்பில் கட்டியதாகச் சொல்வார்கள். கேம்பிரிட்ஜ் ஜெயித்தது. நாடா ராசியாகிவிட்டது. எதிரணி கருநீலம், நாம் வெளிர்நீலம் என்று நிலைத்துப்போனது.

பிறகு அந்த நிறம் மனிதர்கள் மேல் ஏறியது. ஆக்ஸ்ஃபோர்டை எதிர்த்து ஆடியவருக்கு ‘ப்ளூ’ என்று பெயர். 1893-ல் கிரிக்கெட்டில் கேம்பிரிட்ஜ் ப்ளூ வாங்கிய முதல் இந்தியர் ரஞ்சித்சிங்ஜி. நாளடைவில் சாயத்தில் பச்சை கலந்து, இன்றைக்கு நம் கண்ணுக்கு அது இளம்பச்சையாகவே தெரியும். அவர்களுக்கோ அது நீலம்தான். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் சட்டையில் போட்டு ஆடிய நிறத்தை யார் போய்த் திருத்துவது?

நம் பக்கம் கதை வேறு. பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு அங்கி; தோளில் தொங்கும் துணியில் படிப்புக்குத் தகுந்த ஒரு நிறம். எந்த நிறம் எந்தப் படிப்புக்கு என்பது விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும்; போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. குளிர் நாட்டுப் படிப்பாளிகளின் உடுப்பைச் சித்திரை வெயிலிலும் மாட்டிக்கொண்டு, போட்டோ எடுத்ததும் வாடகை அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். வீட்டுச் சுவரில் படம் நிற்கிறது, நிறம் நிற்பதில்லை. 2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு, விழா அங்கிக்குக் கைத்தறித் துணி பயன்படுத்துங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல யோசனை; பக்கத்துத் திருபுவனத்தில் தறிகளுக்கும் சாயத்துக்கும் குறைவில்லை. ஆனால் துணி மாறுவதால் மட்டும் நிறத்துக்கு உயிர் வந்துவிடாது.

நிறத்தின் சூட்சுமம் நமக்குத் தெரியாததல்ல. கல்யாண வீட்டு வாசலில் வருகிறவர் எந்தக் கட்சி என்று வேட்டிக் கரையை வைத்தே சொல்லிவிடுகிறோமே! எதிரே வேறு கரை இருப்பதால்தான் இந்தக் கரைக்கு மதிப்பு. நம் கல்லூரிகளுக்கு ஆளுக்கொரு சின்னம் இருக்கிறது, குறிக்கோள் வாசகம் இருக்கிறது. வருஷம் தவறாமல் வம்புக்கு இழுக்கும் எதிராளிதான் இல்லை.

கும்பகோணம் கல்லூரியும் தஞ்சாவூர் சரபோஜி கல்லூரியும் ஆண்டுதோறும் கபடியில் மோதட்டும். கூட்டத்துக்கு அடையாளம் தெரிய இரண்டு நிறத்தில் பனியன் வேண்டியிருக்கும். அன்றைக்குக் கடையில் எது இருக்கிறதோ அதை வாங்கிப் போட்டு ஆடி, பத்து வருஷம் மண்ணில் புரளட்டும். அதன்பிறகு ஒரு கமிட்டி உட்கார்ந்து, இதுதான் எங்கள் அதிகாரபூர்வ நிறம் என்று தாராளமாகத் தீர்மானம் போட்டுக்கொள்ளலாம்.