மணிமங்கலத்தில் ஒரு தலையாய பிரச்சினை

தாம்பரம் மேற்கில் பஸ் ஏறி முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டினால் மணிமங்கலம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்த சகோதரிகளுக்குப் பெயரைக் கேட்டதுமே போர்க்களம்தான் கண்முன் வரும். கதை மட்டுமல்ல, சரித்திரமும் அதுதான். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை, பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் முறியடித்த இடங்களில் ஒன்று மணிமங்கலம் என்று கூரம் செப்பேடு சொல்கிறது.

ஊருக்கு அழகு பெரிய ஏரி. ராஜகோபால சுவாமி கோயில் சுவரில் வீரராஜேந்திரன் முதலான சோழ மன்னர்களின் கல்வெட்டுகள். தர்மேசுவரர் கோயிலுக்குப் போனால் விமானத்தின் பின்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். யானை படுத்திருப்பதுபோல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். கூட்டமில்லாமல் நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

ஆனால் நான் போனது கோயிலுக்காக மட்டுமல்ல. என் அக்கா மகள் அங்கே இருக்கிறாள்.

ஒருபக்கம் ஸ்ரீபெரும்புதூர், மறுபக்கம் ஒரகடம். 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, கார், டயர், செல்போன் என்று ஆலைகள் வரிசையாக வந்துவிட்டன. வேலைக்கு வரும் பெண்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகவே 18,720 படுக்கைகளோடு அரசு விடுதி ஒன்று திறந்தது. அதெல்லாம் கிடைக்காதவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து தங்குகிறார்கள். என் அக்கா மகளும் அப்படித்தான். ஒரு போர்ஷன், ஆறு பெண்கள், ஒரே குளியலறை!

காலை ஷிப்ட் என்றால் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்கும். நாலு மணிக்கு எழுந்து ஆறு பேரும் தலைக்குக் குளிப்பது நடக்கிற காரியமா? குளித்தாலும் இடுப்பளவு கூந்தல் எப்போது காய்வது? ஈரத்தோடு பின்னிப் போட்டு, எட்டு மணி நேரம் தொப்பிக்குள் அடைத்து வைத்தால் நாற்றம் வந்துவிடுகிறது. குளிக்காமல் விட்டாலோ, இரண்டாம் நாளே நெற்றியில் எண்ணெய் வழிகிறது.

"சித்தி, பேசாம தோள் வரைக்கும் வெட்டிடப் போறேன்" என்றாள் என் அக்கா மகள்.

"அதைச் சொன்னா எங்கம்மா வேலையையே விட்டுட்டு வான்னுடுவாங்க" என்றாள் செய்யாறு பக்கத்துப் பெண். "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு முடிய வெட்டலாமாம்மா?"

தலைமுடி விஷயம் சம்பளத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்!

அவர்களில் ஒருத்தி ஆன்லைனில் 'டிரை ஷாம்பு' டப்பா ஒன்று வாங்கி வைத்திருந்தாள். தண்ணீரே வேண்டாம், புஸ்ஸென்று அடித்துச் சீவினால் போதும் என்று விளம்பரம். இது என்ன மாயம் என்கிறீர்களா? மாயமில்லை, மாவு! அரிசி, சோளம், மரவள்ளி இவற்றில் ஏதாவது ஒன்றின் மாவுச்சத்துதான் பெரும்பாலும். அது தலையில் ஊறும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு ஆல்கஹாலும், மாவை வெளியே தள்ளுவதற்கு பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்களும் இருக்கும். நம் சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பதும் இதே வாயுக்கள்தான். இரண்டடி தூரத்தில் அடுப்பெரியும் ஒண்டுக்குடித்தன அறையில் இதை அடிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2021 டிசம்பரிலும் 2022 அக்டோபரிலும் அமெரிக்காவில் பெரிய கம்பெனிகளே தங்கள் ஸ்பிரே டிரை ஷாம்புகள் பலவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றன. ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சீன் அவற்றில் கலந்திருக்கக்கூடும் என்பதே காரணம். எல்லா டப்பாவிலும் அது இருக்கிறது என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் தினமும் அடித்து மூச்சில் இழுப்பது வேண்டாத வேலை.

"அப்போ முகப் பவுடரைக் கொட்டிக்கலாமா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. அதுவும் வேண்டாம். டால்க் என்னும் தாதுப்பொடியை, 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் 2024ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்திருக்கிறது. தலையில் தூவும்போது பாதி மூக்கில்தான் போகும்.

சரி, நம் வீட்டுச் சரக்கைப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆறு தலைகளிலும் பரிசோதனை! அரப்புத் தூளை உலர்வாகத் தூவினோம். தும்மலும் கண் எரிச்சலும்தான் மிச்சம். அரப்பும் சீயக்காயும் தண்ணீரில் நுரைத்தால்தான் வேலை செய்யும். மிக்ஸியில் அரைத்த அரிசி மாவு நரநரவென்று வேரில் ஒட்டி, பொடுகு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. கார்ன்ஃப்ளோர் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட நைசாக, எண்ணெயை நன்றாக இழுத்தது கூவைக்கிழங்கு மாவு, அதாவது ஆரோரூட். குழந்தைகளுக்குக் கஞ்சி வைப்போமே, அதேதான்!

செய்முறை இதோ:

கூவைக்கிழங்கு மாவு 2 மேஜைக்கரண்டி, சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் 2 டீஸ்பூன். இரண்டையும் மெல்லிய துணியில் சலித்துக் காய்ந்த டப்பாவில் வையுங்கள். கறுப்பு முடியில் வெள்ளை தெரியாமலிருக்கத்தான் கோகோ. இரவு படுப்பதற்கு முன், தலையை வகிடு வகிடாகப் பிரித்து, பழைய பவுடர் பஃப்பில் தொட்டு வேரில் மட்டும் லேசாக ஒற்றுங்கள். ஒரு தலைக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். கால்மணி நேரம் கழித்துத் தோளில் துண்டைப் போட்டு, தலையைக் குனிந்து, முதலில் சாதாரண சீப்பாலும் பிறகு பேன் சீப்பாலும் வாரி உதறுங்கள். அவரவருக்குத் தனிச் சீப்பு, தனி பஃப் முக்கியம். தலையில் புண்ணோ அரிப்போ இருந்தால் தொடவே வேண்டாம்.

ஏன் இரவில் என்று கேட்பீர்கள். செல்போன் உதிரி பாகங்கள் செய்யும் இடத்தில் தூசு ஆகாது. அதற்காகத்தானே தொப்பியே! தலையிலிருந்து மாவு உதிர்ந்தால் வேலைக்கே ஆபத்து. உங்கள் பிரிவில் பவுடர் கூடாது என்று விதி இருந்தால், இதை லீவு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது குளியலுக்கு மாற்று அல்ல, ஒரு நாளைத் தள்ளிப்போடும் உபாயம்தான். எண்ணெயை உறிஞ்சுமே தவிர, அழுக்கை வெளியேற்றாது. தொடர்ந்து இரண்டு நாள் போட்டால் மாவும் வேர்வையும் சேர்ந்து பிசுபிசுக்கும். எண்ணெய்த் தலைக்காரர்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது தலைக்குக் குளிக்கத்தான் வேண்டும். அடிக்கடி குளித்தால் எண்ணெய் அதிகம் சுரக்கும் என்பது வெறும் பேச்சு. அதற்காக விடியற்காலையில் அவஸ்தைப்பட வேண்டாம். ஷிப்ட் முடிந்து வந்ததும் மதியமே குளித்தால் வெயிலில் கூந்தல் காய்ந்துவிடும். ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு நாள் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டோம். அந்த வீட்டு போர் தண்ணீர் உப்பு; அதில் சோப்புப் போட்டால் முடி சிக்குப் பிடிக்கும். ஷாம்புவோ சீயக்காயோ தேவலை.

இங்கே ஒரு வார்த்தை. பெட்டிக்கடையில் மாலை மாதிரி தொங்குகிறதே ஷாம்பு சாஷே, அது நம் தமிழ்நாட்டுச் சாதனை! கடலூர் சின்னி கிருஷ்ணன் வகுத்த வழி அது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கி, 'சிக்' ஷாம்புவைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். மாதச் சம்பளக்காரப் பெண்ணுக்கு இன்றைக்கும் அது கைகொடுக்கிறது.

ஆறு பேரில் ஒருத்திக்கு மட்டும் எந்த மாவும் பலிக்கவில்லை. காலையில் போட்டால் மாலையில் வழிந்தது. தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். மாதவிலக்கு மூன்று மாதமாக வரவில்லையாம். முகத்தில் பரு, மோவாயில் முடி. "ராத்திரி ஷிப்ட்டு சூடும்மா" என்று தானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், பி.சி.ஓ.எஸ். என்பார்கள். இ.எஸ்.ஐ. அட்டை பையிலேயே இருந்தது, ஒருநாளும் பயன்படுத்தியதில்லை! அந்த வாரமே மகப்பேறு டாக்டரிடம் போனாள். அதேதான் என்று சொல்லி, சிகிச்சை ஆரம்பித்திருக்கிறார்கள். தலையில் வழிகிற எண்ணெய், சில சமயம் உடம்பு எழுதுகிற கடிதம். அதை மாவு போட்டு மறைத்துவிடக் கூடாது.

என் அக்கா மகள் முடியை வெட்டவில்லை. நாலு விரற்கடை குறைத்துக்கொண்டாள். செய்யாற்றுப் பெண் ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. இரண்டும் அவரவர் இஷ்டம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள்களைப் பார்க்கப் போகும் தாய்மார்களே! முறுக்கு டப்பாவோடு ஒரு பாக்கெட் கூவைக்கிழங்கு மாவும் எடுத்துப் போங்கள். பின்னல் எவ்வளவு நீளம் என்று பார்ப்பதற்கு முன், குளியலறையில் தண்ணீர் வருகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அப்படியே ஏரிக்கரையில் அரைமணி நேரம் மகளோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.