வேட்டைக்காரர் நிலத்தில்: பென்சில்வேனியா – 6

ஹாரிஸ்பர்க்கிலிருந்து வடகிழக்கே முக்கால் மணி நேரம் போனால் ஸ்டோனி பள்ளத்தாக்கு வந்துவிடுகிறது. சாலையோரம் ஒரு பலகை: ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் 211. சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் இல்லை, கயிறு கட்டிய தடுப்பு இல்லை, பெயர் எழுதிக்கொள்ள நோட்டும் இல்லை. நம் ஊர் வனத்துறைச் சோதனைச்சாவடிகளில் கால்கடுக்க நின்று பழகியவனுக்கு இது சந்தேகத்தைக் கிளப்பியது. காரிலிருந்து இறங்கப் போனவனைத் தம்பி மகன் பிடித்து நிறுத்தி, பளீரென்ற ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்றை நீட்டினான்.

"இதைப் போட்டுக்காம இறங்கக்கூடாது பெரியப்பா. கரடி சீசன்."

நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை இந்த நிலங்களில் நடக்க வருபவரும் ஆரஞ்சு அணிந்தாக வேண்டும். தலை, மார்பு, முதுகு எல்லாம் சேர்த்து 250 சதுர அங்குலம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நாம் மான் அல்ல, கரடியும் அல்ல என்று தூரத்திலேயே தெரிந்தாக வேண்டுமே!

இது பூங்கா அல்ல. அரசு நிலம்தான், ஆனால் வேட்டைக்காக வாங்கப்பட்டது. 1920இல் எல்க் கவுண்டியில் முதல் நிலத்தை வாங்கிய வேட்டை ஆணையத்திடம் இன்று முந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கிறது. மாநிலத்தின் பொது வரிப்பணம் ஆணையத்துக்கு வருவதில்லை. வேட்டை உரிமக் கட்டணம், நிலத்திலிருந்து கிடைக்கும் மரம், எரிவாயு வருமானம் போன்றவற்றோடு 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் மத்திய வரியில் ஒரு பங்கும் சேர்கிறது. நடப்பவன் காலணா கொடுப்பதில்லை. அதனால்தான் விதிகள் எல்லாம் வேட்டைக்காரரின் காலண்டரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கின்றன.

சைக்கிளும் குதிரையும் குறிப்பிட்ட வழிகளில் மட்டும்தான். அங்கும் செப்டம்பர் கடைசிச் சனி முதல் ஜனவரி மூன்றாம் சனி வரை பொதுவாகத் தடை. வசந்தத்தில், வான்கோழி வேட்டையின்போது, மதியம் ஒரு மணிக்கு முன் ஓட்டக்கூடாது. வான்கோழி வேட்டை காலை நேரத்துச் சமாச்சாரம். மது கூடாது. கூட்டமாக நிகழ்ச்சி நடத்துவதென்றால் தனி அனுமதி வாங்க வேண்டும். கூடாரம் அடிக்கவும் கூடாது. இதில் விலக்கு உண்டு: அப்பலாச்சியன் நெடும்பாதையில் நடப்பவர் ஓர் இரவு மட்டும், பாதையிலிருந்து 200 அடிக்குள், ஓடையிலிருந்து 500 அடி தள்ளித் தங்கலாம். இரண்டு அளவையும் இருட்டில் சரிபார்ப்பவர் உண்டா என்று கேட்டேன். தம்பி மகன் சிரித்தான்.

அந்தப் பாதைக்கு மரங்களில் வெள்ளைப் பட்டை பூசியிருப்பார்கள். வேட்டை நிலத்தின் எல்லைக்கும் வெள்ளைப் பூச்சுத்தான். புதியவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பழைய ரயில்பாதைத் தடத்தில் ராஷ் கேப் வரை நடந்தோம். ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டியவர்களின் ஊர். இப்போது கல் அடித்தளங்களும், மரங்களுக்கிடையே சில கல்லறைக் கற்களும்தான் மிச்சம். 1940களில் ரயில் நின்றபின் தண்டவாளம் போய், நிலம் ஆணையத்தின் கைக்கு வந்தது. மற்றபடி கார் நுழையாத இந்தத் தடத்தை அக்டோபரில் ஒரு ஞாயிறு மட்டும் திறந்துவிடுவது வழக்கமாம். இலை நிறம் மாறுவதைக் காரில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது எதிரே வந்த முதியவர் துப்பாக்கியைத் தோளில் போட்டபடி நின்று பேசினார். "நடங்க, நடங்க. எங்க லைசன்ஸ் காசுலதான் நடக்கறீங்க" என்றார் சிரித்துக்கொண்டே. பாதி நியாயம்தான். குறிபார்த்துச் சுடுவதோடு நிறுத்திக்கொள்பவர்களும் தோட்டாவுக்கு வரி கட்டுகிறார்கள். அவர்கள் மான் பக்கமே போவதில்லை. ஆனாலும் இந்தப் பள்ளத்தாக்கு வீட்டுமனையாகாமல் தப்பியதற்கு அவருடைய ஆட்களுக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

ஞாயிறு மட்டும் போனால் போதும் என்று முன்பெல்லாம் சொல்வார்களாம். அன்று வேட்டை கிடையாது, ஆரஞ்சு விதிக்கும் விலக்கு இருந்தது. 2020இல் மூன்று ஞாயிறுகள் வேட்டைக்குத் திறந்தன. 2025இல் பழைய தடைச் சட்டமே நீக்கப்பட்டது. இனி ஞாயிறானாலும் ஆரஞ்சைக் காரிலேயே வைத்திருப்பது நல்லது.

அடுத்த இதழில் ஹாக் மவுண்டன். பருந்துகளைச் சுட்டுக் குவித்த மலையை 1934இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி வேட்டைக்காரர்களிடமிருந்து மீட்ட கதை. அங்கே நடப்பதற்குக் கட்டணம் உண்டு.