ஒளியை அவசரப்பட்டு நம்பாதே

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் மயங்குவது பச்சை ஒளியில்தான், கண்ணு. பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தின் ஜீனைச் சேர்த்த ஈ.கோலை பாக்டீரியா, நீல ஒளியைப் பாய்ச்சியதும் பளிச்சென்று மின்னும். ஜீன் வேலை செய்கிறது என்று உடனே நோட்டில் எழுதக் கை துடிக்கும். கொஞ்சம் பொறு. அந்த ஒளியில் ஜீன் இப்போது செய்வது மட்டுமல்ல, முன்பே செய்துவைத்ததும் சேர்ந்தே இருக்கிறது.

டெட்ஆர் என்ற அடக்கிப் புரதம், ஜீனைத் தொடங்கிவைக்கும் புரோமோட்டரில் போய் உட்கார்ந்தால் புதிய ஜி.எஃப்.பி. உருவாவது ஏறக்குறைய நின்றுவிடும். ஏற்கெனவே உருவானது எங்கே போகும்? அது லேசில் சிதையாத புரதம். செல் பிரியப் பிரியத்தான் பாதி பாதியாகக் குறையும். ஐந்து முறை பிரிந்த பிறகும் 32-இல் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். அந்த மிச்ச ஒளியைப் பார்த்து, அடக்கி சரியில்லை என்று ஜீனைச் சுமக்கும் நல்ல பிளாஸ்மிடைத் தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடக்கியை விலக்கும்போதும் இதே தாமதம்தான். புரதம் உருவானால் போதாது; மடிந்து, ஆக்சிஜனோடு வினைபுரிந்து முதிர்ந்த பிறகே ஒளிரும்.

2000-இல் பிரின்ஸ்டனில் எலோவிட்ஸ், லைப்லர் என்ற இரு ஆய்வாளர்கள் மூன்று அடக்கிகளை வட்டமாகக் கோத்தார்கள். லாக்ஐ டெட்ஆரை அடக்கும். டெட்ஆர் சிஐயை அடக்கும். சிஐ திரும்ப லாக்ஐயை அடக்கும். ஒளி அலைபோல் ஏறி இறங்க வேண்டும், பழைய புரதம் தேங்கி அந்த அலையை அமுக்கிவிடக் கூடாதே என்று, அடக்கிகளின் வாலிலும் ஜி.எஃப்.பி.யின் வாலிலும் சீக்கிரம் சிதையவைக்கும் சிறு துண்டை ஒட்டினார்கள். ஒளி ஏறி இறங்கியது. ஒரு சுற்றுக்குச் சுமார் 150 நிமிடம். ஆனால் அலை தெரிந்தது ஏறத்தாழ 40 சதவீதச் செல்களில்தான். அதையும் மறைக்காமல் எழுதினார்கள். அவர்களிடம் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

2016-இல் ஹார்வர்டில் பால்சன் குழுவினர் அதே சுற்றை மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். ஒழுங்கைக் குலைத்ததில் அந்த வாலுக்கும் பங்கு இருந்தது! வாலுள்ள புரதங்களெல்லாம் ஒரே சிதைப்பு நொதிக்குப் போட்டியிட்டன. வேவு பார்க்க வைத்த ஜி.எஃப்.பி.யும் அந்தக் கூட்டத்தில் நின்று சுற்றைத் தொந்தரவு செய்திருக்கிறது. அதை அந்தப் போட்டியிலிருந்து விலக்கி, அடக்கிகளின் வாலையும் நீக்கியதும் அலை எவ்வளவோ சீரானது. இதனால் முதலில் செய்தவர்கள் தவறிவிட்டார்கள் என்று நினைக்காதே. அவர்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்ததால்தான் பின்னால் வந்தவர்களால் அவிழ்த்துப் பார்க்க முடிந்தது.

நாளை நீ அளக்கும்போது உன் குழாயோடு இன்னும் இரண்டு வை. ஒன்றில் ஜி.எஃப்.பி.யே இல்லாத செல். செல்லுக்கும் ஊடகத்துக்கும் சொந்தமாகவே கொஞ்சம் ஒளி உண்டு, அதைக் கழிக்க வேண்டும். இன்னொன்றில் எப்போதும் திறந்திருக்கும் புரோமோட்டர். ஒளியைச் செல்லின் அடர்த்தியால் வகுத்து எழுது. முடிவு எப்போது வரும் என்று யார் அவசரப்படுத்தினாலும் அந்த இரண்டு குழாய்களை மட்டும் விட்டுவிடாதே.