நின்ன நாள்

கீவளூர் தாண்டித் திருவாரூர் சாலையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. பெயர்ப் பலகை கிடையாது. எதிரே டீக்கடை. என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிய பஞ்சர் கடைப் பையன், ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தான். நான் டீக்கடை பெஞ்சில் இருந்தேன். ஜூன் 10, காலை எட்டரை மணி.

தேதியைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள் ஓடி ஜூன் 14-இல் முடியும். அதுவரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. இன்னும் நாலு நாள் போனால் அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் மறுபடி ஐஸ் உடைபடும், ஏலம் கூவுவார்கள், வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பின்னிரவில் போன் வரும். வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால்.

வளைவில் வண்டி தெரிவதற்கு முன்னால் புகை தெரிந்தது. பின்னாலேயே ஒரு குட்டி யானை வந்தது. டாட்டா ஏஸ் என்ற பெயரில் 2005-இல் சந்தைக்கு வந்தது அந்த வண்டி. ஆனால் நம் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வாடகைக்குக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது இருக்கும். பக்கத்தில் மனைவி, மடியில் மஞ்சப்பை. பாலிடெக்னிக் படிக்கிற வயதில் ஒரு பையன் பின்பாடியிலிருந்து குதித்து இறங்கினான்.

இரண்டு மாதமாக வண்டி பூவரசு மரத்தடியில் நின்றிருக்கிறது. கண்ணாடிக்கும் வைப்பருக்கும் நடுவே பூவரசம் பூக்கள் காய்ந்து, மஞ்சள் போய்ச் சிவந்து கிடந்தன. டேஷ்போர்டில் வேளாங்கண்ணி மாதா, நாகூர் தர்கா மினார், சிக்கல் சிங்காரவேலவர், மூன்றும் ஒரே வரிசையில். நாகப்பட்டினத்துச் சாலையில் ஓடுகிற வண்டியில் இதைவிட இயல்பான காட்சி கிடையாது.

“ஆஃப் பண்ணாத தம்பி, ஓடட்டும்” என்றார் மேஸ்திரி. அறுபது வயது. பனியனும் காக்கி அரை டிராயரும். கிட்டே வராமல் வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு புகையையே பார்த்தார். கறுப்பாக வந்தால் டீசல் முழுசாக எரியவில்லை. இது நீலம். ஆயில் எரிகிறது.

“ஆயில் எவ்வளவு ஊத்துற?”

“ரெண்டு நாளைக்கு ஒரு லிட்டருண்ணே.”

“மீட்டர் எவ்வளவு?”

“3,87,412-ல நின்னுபோச்சு. கேபிள் அறுந்து ரெண்டு வருசம் ஆவுது. வருசத்துக்கு முப்பதாயிரம் வெச்சுக்கிட்டாலும் நாலரை லட்சம் ஓடியிருக்கும்.”

2011-இல் வாங்கிய வண்டி. பதினைந்து வருடமாக, தடைக்காலம் நீங்கலாக, நாகப்பட்டினத்து மீனை மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் சுமந்திருக்கிறது.

மேஸ்திரி சீட்டைத் தூக்கினார். இந்த வண்டிக்கு எஞ்சின் அதன் அடியில்தான். 702 சி.சி., இரண்டே சிலிண்டர். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகிக் கழற்றி மட்காட்டின்மேல் வைத்துவிட்டு, அந்தத் துளைக்கு மேலே உள்ளங்கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, “நீயே வெச்சுப் பாரு” என்றார்.

வண்டிக்காரர் கையை வைத்தார். மூச்சு வாங்குகிற ஆளின் மூக்கருகே கை வைத்ததுபோல விட்டுவிட்டுச் சூடான காற்று வந்து மோதியிருக்க வேண்டும். அவர் முகத்தில் அது தெரிந்தது.

“பேக் கம்ப்ரஷன்” என்றார் மேஸ்திரி.

பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்துபோனால் இரண்டு கேடு சேர்ந்தே நடக்கும். கீழேயிருக்கிற ஆயில் மேலேறி டீசலோடு எரியும். மேலே வெடிக்கிற காற்று கீழே இறங்கி, போக வழியில்லாமல் இந்தத் துளையில் வந்து முட்டும். வண்டிக்குப் பிக்அப் போய்விடும். ஏற்றமே இல்லாத இந்த டெல்டாச் சாலையில் ஒரு பாலம் ஏறக்கூட இரண்டாவது கியர் வேண்டியிருக்கும்.

“எஞ்சின் வேலைதான்” என்றார் வண்டிக்காரர். அது கேள்வியாக வரவில்லை.

“எஞ்சின் வேலைதான். ஹெட்டை எறக்கி சிலிண்டர்ல நகத்தை வெச்சு இழுத்தா மேல ஒரு விளிம்பு தட்டும், பாக்காமயே சொல்றேன். ரீபோர் அடிச்சு, ரெண்டு பிஸ்டன், ரிங்கு, பேரிங்கு, வால்வு, ஆயில் பம்பு. லேத்துக்குத் திருவாரூர் போவணும். எல்லாம் சேத்து 52,000. ரெண்டு கூடும், கொறையும்.”

“செஞ்சிடுங்கண்ணே. சீட்டு எடுத்த காசு இருக்கு. நாலு நாளு...”

“செத்த இருங்க” என்றார் அந்த அம்மா.

மஞ்சப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். அட்டையில் பையனின் பெயரையும் எட்டாம் வகுப்பு என்பதையும் அடித்திருந்தார்கள். உள்ளே வண்டிக் கணக்கு. நீல மையில் செலவு, அதற்குப் பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு எண். அவர் வாசிக்கத் தொடங்கியபோதுதான் அந்தச் சிவப்பு என்னவென்று புரிந்தது. வண்டி நின்ன நாள்.

“ஆகஸ்ட்ல ரேடியேட்டர் 4,200, நின்ன நாள் மூணு. அக்டோபர்ல கிளட்ச் பிளேட்டு 5,800, நின்ன நாள் ரெண்டு. நவம்பர் மழையில செல்ஃப் மோட்டார் 2,600, ஒரு நாள். அடுத்த வாரமே டீசல் பம்பு, 9,000, அஞ்சு நாள்.” குரலை உயர்த்தவில்லை, ஒரு வரியையும் விடவில்லை. “பொங்கலுக்கு முந்தின வாரம் வீல் பேரிங்கு 1,900. நின்ன நாள் ஒண்ணுதான்.”

அந்த இடத்தில் அவர் விரல் நின்றது. வண்டிக்காரர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மன்னார்குடி போகிற வழியில், வெயில் ஏறுகிற நேரத்தில் சக்கரம் இறுகி நின்றிருக்கிறது. பின்னால் 600 கிலோ மீன். மாற்று வண்டி வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகிச் சாலையில் ஓடிவிட்டது. பாதி மீன் கண் வெளுத்துப்போனது. வியாபாரி சத்தம் போடவில்லையாம். வாடகையைக்கூட முழுசாகக் கொடுத்திருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. ஒன்பது வருடமாக வாரத்துக்கு மூன்று நடை கொடுத்துக்கொண்டிருந்தவர். சிவப்பு மையில் எழுதியிருந்த அந்த ‘1’ உண்மையில் எத்தனை நாள் என்று எப்படிக் கூட்டுவது?

மீதி வரிகளையும் வாசித்துவிட்டு, “போன தடைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து இந்தத் தடைக்காலம் வரைக்கும் 43,650 ரூவா. நின்ன நாள் முப்பத்தி நாலு” என்று முடித்தார்.

“அதுல பாதி நான் வாங்கின காசுதான் தங்கச்சி” என்றார் மேஸ்திரி. பழைய வண்டியின் செலவைக் கேட்டால் எல்லோரும் பில்லைத்தான் கூட்டுவார்கள். நின்ற நாளை ஒருவர் தனி மையில் எழுதி வைத்திருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பையன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “புதுசு எடுத்துடலாம்பா. பழசை அரசாங்கம் அனுமதிச்ச ஸ்கிராப் எடத்துல குடுத்தா, புது வண்டி வெலையில நாலுலேர்ந்து ஆறு சதவீதம் வரைக்கும் தருவாங்களாம். சர்ட்டிபிகேட் குடுப்பாங்க, அதைக் காட்டினா வரியில சலுகை இருக்காம்.”

“டியூ எவ்வளவு வரும்?”

“பதிமூணாயிரம்.”

“தடைக்காலத்துக்கு டியூ நிக்குமாடா?”

பையன் போனைச் சட்டைப்பையில் வைத்தான். தடைக்கால நிவாரணம் கடலுக்குப் போகிற மீனவர் குடும்பங்களுக்கு. அவர்கள் மீனை ஏற்றிப்போகிற வண்டிக்காரர் அந்தக் கணக்கில் வருவதில்லை. பத்து மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதத் தவணை கட்ட வேண்டும். இத்தனை புகையோடும் இந்தப் பழைய வண்டியை அவர் பிடித்துக்கொண்டிருப்பது பாசத்தால் மட்டும் அல்ல. யாருக்கும் பாக்கி இல்லாத வண்டி அது. வருடத்தில் இரண்டு மாதம் மரத்தடியில் நின்றாலும் அதைக் கேட்டு ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள்.

மேஸ்திரி எதற்கும் பதில் சொல்லவில்லை. எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஒரு சாக்கை விரித்து, கையளவு சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

ணங். ணங். ணங்.

பின்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே முன்னால் வந்தார். சாலையில் பேருந்து போகும்போது நிறுத்துவார், போனபின் விட்ட இடத்திலிருந்து தட்டுவார். டீக்கடைக்காரர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். இரும்பு உயிரோடு இருக்கிற இடத்தில் சத்தம் தெறித்து வந்தது. ஓரிடத்தில் மந்தமானது, ஈர மண்ணில் தட்டியதுபோல. அங்கே மேஸ்திரி இரண்டு தட்டு கூடப் போட்டார். பிறகு சத்தம் இல்லை. ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. துருத்தூள் சொரிந்து விழுந்தது.

அதற்குள் என் ஸ்கூட்டர் தயாராகிவிட்டது. பஞ்சர் கடைப் பையனுக்குக் காசு கொடுத்துவிட்டு இன்னொரு டீ சொன்னேன்.

மேஸ்திரி வெளியே வந்தபோது உள்ளங்கையில் ஒரு துண்டு வைத்திருந்தார். விரல் நீளம் இருக்கும். வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காகப் பிரிந்த இரும்பு. கட்டைவிரலால் அழுத்தினார், பொடியானது.

பெட்டியில் ஐஸ் உருகி வடிகிற தண்ணீரில் கடல் உப்பு இருக்கும். பின்பாடியின் இடுக்கு வழியாக இறங்கி, சேஸின் மடிப்புகளில் தேங்கி, காய்ந்து, மறுநாள் மறுபடி நனையும். பதினைந்து வருடம். இதை எந்த மீட்டரும் எண்ணுவதில்லை. ஜவுளி மூட்டை ஏற்றிய வண்டியும் மீன் ஏற்றிய வண்டியும் ஒரே கிலோமீட்டர் ஓடியிருக்கலாம், வயது ஒன்றாகாது.

“பின்னாடி குறுக்குச் சட்டம் போயிருக்கு. அதை வெட்டி எடுத்துட்டு வேற வெக்கலாம், பயமில்ல. ஸ்பிரிங் பட்டை மாட்டுற எடம் இருக்கு பாரு, இடது பக்கம், அங்க ஸ்குரூ டிரைவர் உள்ள போவுது.”

“வெல்டிங் வெச்சா?”

“எதுல வெக்கிறது? ரெண்டு பக்கமும் நல்ல இரும்பு இருந்தாத்தான வெல்டிங் புடிக்கும்? மேல தகடு வெச்சுப் பத்தவெச்சு, கறுப்பு பெயிண்ட் அடிச்சுட்டா வெளில சுத்தமா இருக்கும். எப்.சி.ல பிரேக் இன்ஸ்பெக்டரு பாக்காம விட்டாலும் விட்ருவாரு. நான் செய்ய மாட்டேன்.”

வண்டிக்காரர் எதுவும் சொல்லவில்லை.

“எஞ்சினை நான் புதுசாக்கிடுவேன் தம்பி. அதைக் கொண்டுபோயி எதுல உக்கார வெக்கிறது? இப்ப பிக்அப் இல்ல, நீ மெதுவாப் போற. நாளைக்கு எஞ்சின் இழுக்க ஆரம்பிச்சிருச்சுன்னா முக்கால் டன்னு வண்டியில ஒரு டன்னு ஏத்துவ. அறுவதுல போவ. ஒரு பள்ளத்துல பட்டை புடுங்கிக்கிட்டு வந்துச்சுன்னா?”

52,000 ரூபாய் வேலை அவர் பட்டறைக்கு இந்த இரண்டு மாதத்தில் வந்திருக்காது. தடைக்காலம் அவருக்கும்தான். கொட்டகைக்குள் வேறு வண்டி எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“எப்.சி. எப்ப?”

“செப்டம்பர்ல.”

“பதினஞ்சு வருசம் தாண்டின வண்டிக்கு அந்தக் கட்டணமே 2022-லேர்ந்து எங்கேயோ போயிடுச்சு. வருசா வருசம் கட்டணும்.” சாக்கை உதறி மடித்தார். “திருவாரூர்ல ஒரு பேக்கரி வண்டி இருக்கு, 2017 மாடல். ரொட்டியும் பன்னுந்தான் ஏத்தியிருக்காங்க. 1,90,000 கேக்குறாங்க. கீழ படுத்துத் தட்டிப் பாத்துட்டேன், பின்னாலேர்ந்து முன்னால வரைக்கும் ஒரே சத்தம். இதை அப்படியே எடைக்குப் போட்டா 25,000. கியர் பாக்ஸு, டயரு, ரேடியேட்டர்னு தனித்தனியாக் குடுத்தா 40,000 வரைக்கும் நான் பாத்துத் தாரேன். ஆனா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஆர்.சி.யை ஒப்படைச்சு ரத்து பண்ணிட்டுத்தான் பிரிக்கணும். அதை மறந்துடாத, நாளைக்கு உன் நம்பர்ல வேற எவனாவது ஓட்டுவான்.”

அந்த அம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். 52-ம் 40-ம் தொண்ணூத்திரண்டு. “மீதியில அம்பது குழுவுல கேட்டா குடுப்பாங்க. பேக்கரிக்காரங்க வெலையைக் கொறைப்பாங்களாண்ணே?”

“நான் வந்து பேசுறேன். இன்னிக்கே பாத்துட்டு வாங்க, நாலு நாளுதான இருக்கு.”

வண்டிக்காரர் ஏறி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். சாவி போடவில்லை. கியர் கம்பியின் உருண்டை தேய்ந்து, அதிலிருந்த எண்கள் எப்போதோ அழிந்திருந்தன. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். மனைவி கூப்பிடவில்லை. பையன்தான் எட்டி, வைப்பரில் சிக்கியிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். திருவாரூர் போகிற மினி பஸ் ஆரன் அடித்தபோது வண்டிக்காரர் இறங்கினார். சாவியை மேஸ்திரியிடம் கொடுத்தார். மூன்று பேரும் ஓடிப்போய் ஏறினார்கள்.

மேஸ்திரி டீக்கடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகத் தள்ளி வண்டியை வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய், பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். டீக்கடைக்காரர் திரும்பி வந்தார். மேஸ்திரி வரவில்லை. மட்காட்டின்மேல் தேடி, அங்கே இல்லாமல், தள்ளிய வழியெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கொட்டகை வாசலில் கிடந்த ஆயில் மூடியை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை இடுப்புத் துணியில் துடைத்தார். சீட்டைத் தூக்கி, அதை இறுக்கமாகத் திருகி மூடிவிட்டு வந்தார்.