ராசாத்திக்கு ஒரு தோசை

ஆறு வயதில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். பெயர் ராசாத்தி. பொள்ளாச்சித் தோட்டத்துக் கிணற்றடியில் இருவரும் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். என்னைத் தவிர யாரும் அவளைப் பார்த்ததில்லை! "பொய்யா சொல்றே?" என்று அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். ராசாத்தி போய்விட்டாள், பொய் தங்கிவிட்டது.

அடிக்குப் பயந்து பழகிய பொய் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. இல்லாத அண்ணன் துபாயில் இருப்பதாக அக்கம்பக்கத்தில் அளந்தேன். சாயம் வெளுத்தது. என் கணவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அழுதுகொண்டே மனநல டாக்டரம்மாவிடம் போனேன். "கற்பனைத் தோழி வியாதியே இல்லைங்க" என்றார். ஏழு வயதுக்குள் நூற்றுக்கு 65 குழந்தைகளுக்கு அப்படி ஒரு துணை இருந்ததாக 2004-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னதாம். அகதா கிறிஸ்டி வயதான பிறகும் தம் கற்பனைத் தோழிகளை மறக்கவில்லையாம். காரணமே இல்லாமல், நிறுத்தவும் முடியாமல் வரும் பொய்க்குத்தான் வைத்தியம் வேண்டும். நேரில் போகக் கூச்சமா? 14416-க்குப் போன் செய்யலாம், இலவசம்.

நேற்று நாத்தனாரின் நாலு வயது மகள், "மீனுவுக்கும் தோசை வேணுங் அத்தே" என்றாள். பக்கத்தில் யாரும் இல்லை.

குட்டியாக ஒன்று வார்த்துப் போட்டேன். ராசாத்தியை நினைத்துக்கொண்டேன்.